காணி பார்க்கப் போன கதை

துபாயில் இருக்கிற மச்சான் ஒருநாள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். அவருடைய முகம், அதற்குக் கீழே ஒரு நம்பர், பக்கத்தில் அரசாங்க முத்திரை. புரோக்கர் கார்ட். ஒரு கொம்பனியில் தேத்தண்ணி ஊத்தப் போன மனிசன், வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, இப்போது வீடு விற்கிறார். அங்கே 2007 இல் தொடங்கிய ரியல் எஸ்டேட் ஒழுங்குபடுத்தும் நிறுவனம் ஒன்று இருக்கிறது. அதன் பதிவில் பெயர் இல்லாதவர் ஒரு ஃபிளட்டைக்கூட இன்னொருத்தருக்குக் காட்டிக் காசு வாங்க ஏலாது.

நாங்கள் மூன்று பேர். ஓட்டமாவடியில் ஒரே ஒழுங்கை, ஒரே பள்ளிக்கூடம், இப்போது வந்தாறுமூலையில் ஒரே கலைப்பீடம். ஒருவன் புவியியல், ஒருவன் சமூகவியல், ஒருவன் பொருளியல். ஊரில் கலைப்பீடம் என்று சொன்னால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "முடிச்சா என்ன வேல கிடைக்கும் மனே?" பட்டதாரிப் பயிலுனர் நியமனத்துக்காகக் கச்சேரி வாசலில் கூடாரம் அடித்துக் கிடந்த காக்காமாரைப் பார்த்து வளர்ந்த ஆக்கள் நாங்கள். அதனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் சிரித்துவிட்டுப் போகப் பழகியிருந்தோம். மச்சானின் கார்டைப் பார்த்த அன்று, ஒரு பதில் கிடைத்த மாதிரி இருந்தது. லைசன்ஸ் எடுத்த காணி ஏஜெண்ட். விசிட்டிங் கார்ட் அடிக்கலாம். பேஸ்புக் பேஜ் ஒன்று திறக்கலாம். பெயர்கூட யோசித்தோம். அதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

செமஸ்டர் முடிந்து லீவு விட்டிருந்தார்கள். எங்கட சாச்சா ஒருத்தர் இருபது வருடத்துக்கு மேல் காணித் தரகர். அவரிடம் போனோம்.

"லைசன்ஸா?" என்றார். "மோட்டார் சைக்கிளுக்குத்தான் என்னட்ட லைசன்ஸ் இரிக்கி. அதுவும் முடிஞ்சி கிடக்கு."

பிறகு ஒரு தேத்தண்ணி வாங்கித் தந்து, நாளைக்கு விடியக் கடப்படிக்கு வரச்சொன்னார்.

சாச்சாவுக்குக் கந்தோர் கிடையாது. ஒரு சீ.ஆர். கொப்பி, அதற்குள் மடித்து வைத்த உறுதிக் கொப்பிகள், நில அளவைப் படங்கள், பாலத்தடிக்குக் கிட்ட ஒரு தேத்தண்ணிக் கடை. அவ்வளவுதான். நம்பர்கள் எல்லாம் தலையில். ஓட்டமாவடிப் பாலத்தைத் தெரியாதவர்களுக்குச் சொல்வதென்றால், முன்பு ரயிலும் வாகனமும் ஒரே பாலத்தில் போயின. ரயில் வந்தால் மற்ற எல்லாம் நிற்கும். 2010 இல் வாகனங்களுக்குத் தனிப் பாலம் திறந்தார்கள். சாச்சா சொல்வார், அந்தப் பழைய பாலத்தில் நின்ற நேரத்தில்தான் தான் பாதி வியாபாரம் பேசி முடித்தேன் என்று. ரயில் போகும் வரை பார்ட்டி எங்கேயும் ஓட முடியாதாம்.

அவரிடம் முதல் கிழமை படித்தது, எந்தப் பாடத்திட்டத்திலும் வராது. வாங்குகிறவனைப் பார்ட்டி என்று சொல்லவேண்டும், விற்கிறவனைக் காணிக்காரன். விலையைக் காணிக்காரன் வாயால் முதலில் சொல்ல வைக்கவேண்டும். பார்ட்டியோடு மனைவி வந்திருந்தால் கிணற்றைத்தான் முதலில் காட்டவேண்டும். ஏக்கர் என்றால் 160 பேர்ச்சஸ், ரூட் என்றால் 40, ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. இது எங்கட புவியியல்காரனுக்கு ஏற்கெனவே தெரியும். ஆனால் காலால் எட்டு வைத்துப் பத்துப் பேர்ச்சைக் கிட்டத்தட்டச் சரியாகச் சொல்ல அவனுக்குத் தெரியாது. சாச்சாவுக்குத் தெரியும்.

"காணி வாங்கிறதெண்டா மார்கழியில பாக்கணும், விக்கிறதெண்டா ஆனியில காட்டணும்" என்பது அவருடைய இன்னொரு பாடம். வாவிக் கரை, ஆற்றுக் கரை, வயல் நிரப்பின காணி எல்லாம் வெயிலில் பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். மாரி மழைக்குத்தான் எது குளம் எது வளவு என்று தெரியும். எங்களுக்கு இது அப்போது பகிடியாக இருந்தது. சாச்சா எப்போதும் விற்கிறவர் பக்கத்தில் நின்று யோசிக்கிறார் என்பது பிறகுதான் உறைத்தது.

தரகு இரண்டு பக்கமும் எடுப்பார். காணிக்காரனிடம் நூற்றுக்கு இரண்டு, பார்ட்டியிடம் நூற்றுக்கு இரண்டு. எங்கட ஊரில் இது பிழையென்று யாரும் நினைப்பதில்லை. கல்யாணத் தரகரும் அப்படித்தானே. சிங்கப்பூரில் 2010 இல் எஸ்டேட் ஏஜெண்டுகளுக்கான சட்டம் வந்தபோது முதலில் தடுத்த விசயங்களில் ஒன்று இது. ஒரே ஏஜெண்ட் ஒரே வியாபாரத்தில் வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் நிற்க முடியாது. வீடு விற்கிற காசை அவர் கையால் தொடவும் கூடாது. அங்கே யாரும் இணையத்தில் போய் ஏஜெண்டின் பதிவு நம்பரைப் போட்டு, ஆள் உண்மையான ஆளா என்று பார்க்கலாம். சாச்சாவிடம் இதைச் சொன்னபோது கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "அப்ப அட்வான்ஸ ஆரு எண்ணுற?" என்று கேட்டார்.

லைசன்ஸ் விசயத்தை நாங்கள் விடவில்லை. தேடிப் பார்த்ததில் ஒரு விசித்திரம் தெரிந்தது. ஒரு காணி கைமாறும்போது அதில் சம்பந்தப்படுகிற எல்லாருக்கும் ஏதோ ஒரு சட்டம் இருக்கிறது. நொத்தாரிசுக்கு 1907 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். நில அளவையாளருக்கு 2002 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டம், அவரைப் பதிவு செய்ய ஒரு பேரவை. விலைமதிப்பாளர்களுக்கு 1975 இலேயே சட்டத்தால் அமைந்த நிறுவகம். ஆனால் இந்த மூன்று பேரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருகிற ஆளுக்கு, பரீட்சை வைத்து, பதிவு செய்து, பிழை விட்டால் பெயரை வெட்டுகிற ஒரு சபை இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் ஏலக்காரருக்கும் தரகருக்கும் என்று ஒரு கட்டளைச் சட்டம் போட்டிருக்கிறார்கள். அது வருசா வருசம் காசு கட்டி அனுமதி எடுக்கிற சங்கதி. பாலத்தடியில் அதைப் பற்றிக் கேட்டால் சிரிப்பார்கள்.

படிப்பு இல்லாமலில்லை. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் எஸ்டேட் முகாமைத்துவமும் மதிப்பீடும் என்று ஒரு பட்டமே இருக்கிறது. உயர்தரம் முடித்து இசட் ஸ்கோர் புத்தகத்தைப் புரட்டிய காலத்தில் அந்தப் பெயரை நாங்களும் பார்த்தோம்தான். தேயிலைத் தோட்டம் பார்க்கிற படிப்பு என்று நினைத்துத் தாண்டிவிட்டோம். எஸ்டேட் என்றால் எங்களுக்கு நுவரெலியாதானே.

இந்தியாவிலும் நீண்டகாலம் எங்கட கதைதான். 2016 இல் வந்த ரேரா சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு, பதிவு செய்யாத முகவர் பதிவு செய்த திட்டங்களில் வீட்டையோ மனையையோ விற்றுக்கொடுக்கக் கூடாது என்கிறது. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபா தண்டம். தமிழ்நாட்டிலும் முகவர்கள் அப்படித்தான் பதிவு நம்பர் எடுக்கிறார்கள். மகாராஷ்டிரா 2023 இல் பயிற்சியும் பரீட்சையும் கட்டாயம் என்று ஆக்கியது. அதுவரை அங்கேயும் நம்பர் எடுக்க ஒன்றும் படித்திருக்கத் தேவையில்லை.

இதையெல்லாம் எழுதுவதற்குக் காரணம், எங்கட மண்ணில் காணித் தரகர் சும்மா ஒரு விலை பேசுகிற ஆள் இல்லை. இங்கே காணி என்பது பேர்ச் கணக்கு மட்டும் இல்லை.

கிழக்கு மாகாணத்து முஸ்லிம் வீடுகளில் பெண்பிள்ளை பிறந்தால் உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் அன்றைக்கே காணிக் கவலை தொடங்கிவிடும். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அந்த வீடு அவளுடைய பெயரில் இருக்கவேண்டும். பக்கத்துத் தமிழ் ஊர்களிலும் இந்த வழமை இருக்கிறது. டெனிஸ் மெக்கில்வ்ரே என்கிற மானிடவியலாளர் அக்கரைப்பற்றில் இருந்து இதைப் பற்றித்தான் ஒரு தடித்த புத்தகம் எழுதினார், 2008 இல் வந்தது. எங்கட சமூகவியல்காரன் அதைக் காட்டிக் காட்டிப் பேசுவான். எங்கட உம்மாமார் அதை வாசிக்கவில்லை, வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். நாலு பெண்பிள்ளை இருந்தால் நாலு வளவு. அந்த வளவுக்குத்தான் சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போகிறார்கள்.

மற்றப் பக்கம் யுத்தம். 1990 இல் எல்லைக் கிராமங்களிலிருந்து எங்கட ஆக்கள் ஓடினார்கள், அவங்கட ஆக்களும் ஓடினார்கள். ஓடும்போது பிள்ளையைத் தூக்கினார்களே தவிர உறுதியைத் தூக்கவில்லை. இருபது வருடம் கழித்துத் திரும்பிப் போனால் வேறொருத்தர் வேலி கட்டி, தென்னை வைத்து, காய் பறித்துக்கொண்டிருந்தார். எங்கட சட்டப்படி பத்து வருடம் தடையில்லாமல் ஆண்டால் ஆட்சி உரிமை கேட்கலாம். 1871 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அது. துவக்குக்குப் பயந்து ஓடியவனுக்கும் அதே பத்து வருடமா என்கிற கேள்விக்கு 2016 இல்தான் பாராளுமன்றம் பதில் சொன்னது. அந்த ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை, திரும்பிப் போக முடியாமல் இருந்தவர்களுக்கு எதிராக எண்ணக்கூடாது என்றது. வழக்குப் போட இரண்டு வருடம் கொடுத்தது. எங்கட பக்கத்துக் கிராமங்களில் எத்தனை பேருக்கு அந்த இரண்டு வருடம் முடிவதற்குள் அப்படியொரு சட்டம் இருப்பது தெரிந்திருக்கும்? சாச்சாவுக்கே எங்களிடமிருந்துதான் தெரியும்.

அவருடன் சுற்றிய நாட்களில் ஒன்றைக் கவனித்தோம். இரண்டு பக்கத்து ஊர்களிலும் கடப்பைத் திறந்து உள்ளே போய்த் தேத்தண்ணி குடிக்கிற ஒரே ஆள் அவர்தான். வாகரைப் பக்கம் ஒரு ஐயா அவரைக் கண்டதும் கதிரை எடுத்துப் போடுவார். ஆனால் காணிப் பேச்சு வந்தால் இரண்டு ஊரிலும் ஒரே கேள்வி, ஒரே குரலில் வரும்: "ஆருக்கு விக்கப் போற?" ஆளின் பெயரைச் சொன்னால் போதும், விலை ஏறும், அல்லது காணியே இல்லையென்று ஆகிவிடும். சாச்சா அதற்குப் பழகிப்போய், பெயர் கேட்காமல் தப்பிக்க நூறு வழி வைத்திருந்தார். எங்களுக்கு அது ஒவ்வொரு தடவையும் முகத்தில் அடித்த மாதிரித்தான் இருந்தது. கம்பஸில் ஒரே மேசையில் சாப்பிடுகிற கூட்டாளியின் ஊர் அது.

ஒருநாள் மஜ்மா நகர்ப் பக்கம் போனோம். 2021 மார்ச் மாதம், கொரோனாவில் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்ற உத்தரவு விலகியதும் நாடு முழுவதிலிருந்தும் ஜனாஸாக்கள் அங்கேதான் வந்தன. மூவாயிரத்துக்கும் அதிகமானவர்கள், எல்லா மதத்தவரும், வெளிநாட்டுக்காரரும்கூட அந்த மண்ணில் கிடக்கிறார்கள். அந்த மாதங்களில் எங்கட ஊரின் பெயரை ஒவ்வொரு நாளும் செய்தியில் சொன்னார்கள். சாச்சா மோட்டார் சைக்கிளை நிற்பாட்டிவிட்டுக் கொஞ்சநேரம் பேசாமல் நின்றார். அதற்குப் பக்கத்தில் ஒரு துண்டுக் காணி பார்க்கத்தான் வந்திருந்தோம். பார்க்காமல் திரும்பிவிட்டார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

இனி எழுதத் தயங்குகிற பகுதி.

ஆவணி மாதம் ஒரு பார்ட்டி வந்தது. பார்ட்டி என்று எழுதவும் கை கூசுகிறது. ஒன்பது வருடம் சவூதியில் வேலை செய்துவிட்டு வந்த ஒரு ராத்தா. மூத்த மகளுக்குப் பதினேழு வயது. இருபது பேர்ச் வேண்டும், மதில் கட்டியிருக்காவிட்டாலும் பரவாயில்லை, தண்ணி நல்லதாக இருக்கவேண்டும். பேர்ச் 90,000 ரூபாவுக்கு மேல் ஏலாது என்றார். மெயின் ரோட்டுப் பக்கம் அந்த விலைக்கு வேலிக்கம்பும் வராது. சாச்சா உள்ளே ஒரு கிராமத்தில் காணி ஒன்று காட்டினார். நல்ல வளவு. மூன்று தென்னை, ஒரு வேம்பு, இனிப்புத் தண்ணி. இருபது பேர்ச், மொத்தம் 18 இலட்சம். இரண்டு பக்கத் தரகும் சேர்த்து 72,000. அதில் மூன்றில் ஒன்றை எங்கள் மூவருக்கும் தருவதாகச் சாச்சா சொன்னார். தலைக்கு 8,000. முதல் உழைப்பு.

காணிக்காரன் தந்த கடதாசிக் கொப்பியை எங்களிடம்தான் தந்து வைக்கச் சொன்னார். அன்று இரவு மூன்று பேரும் உட்கார்ந்து வாசித்தோம். அது உறுதி இல்லை. பெர்மிட். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரம், காணிக்காரனின் மௌத்தான வாப்பாவின் பெயரில். பின்னுரித்தாளி என்ற இடத்தில் இருந்தது காணிக்காரனின் பெயரும் இல்லை, அவனுடைய நானாவின் பெயர்.

தெரியாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அது. காடு வெட்டிக் குடியேறியவர்களுக்கு அரசாங்கம் காணி கொடுத்த வழி. பெர்மிட் வைத்திருப்பவர் அதில் குடியிருக்கலாம், பயிர் செய்யலாம், பிறகு அது அளிப்பாக மாறலாம். சொர்ணபூமி, ஜயபூமி என்று வந்ததெல்லாம் அந்த அளிப்புகள்தான். அளிப்புக் காணியை விற்கப் பிரதேச செயலாளரின் சம்மதம் வேண்டும். பெர்மிட் காணியை விற்கவே முடியாது. சட்டத்துக்கு மாறாக எழுதினால் அந்த எழுத்துச் செல்லாது. அப்படியொன்றை அத்தாட்சிப்படுத்த நொத்தாரிசுக்கும் தடை. வாரிசுமுறை இன்னும் விநோதம். பின்னுரித்தாளி நியமிக்காமல் பெர்மிட்காரர் மௌத்தானால் மகளுக்கு முன்னால் மகன் வருவான், இளையவனுக்கு முன்னால் மூத்தவன். 2022 இல் திருத்தம் வரும் வரைக்கும் அப்படித்தான் இருந்தது. காணியைப் பெண்பிள்ளைக்குக் கொடுக்கிற எங்கட ஊரில், கொழும்பில் எழுதின அட்டவணை காணியை ஆண்பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது.

அப்படியென்றால் இந்தக் காணிகள் எப்படி விலைப்படுகின்றன? ஐம்பது ரூபா முத்திரையைக் கடதாசியில் ஒட்டி, ஜே.பி. ஒருத்தரின் முன்னால் இரண்டு பக்கமும் கையெழுத்து வைப்பார்கள். சிலர் அதோடு ஒரு அற்றோணித் தத்துவமும் எழுதுவார்கள். ஊர் அதை "உறுதி முடிச்ச" என்றுதான் சொல்லும். 1840 ஆம் ஆண்டிலேயே இந்த நாட்டில் ஒரு கட்டளைச் சட்டம் சொல்லிவிட்டது, காணி கைமாறுவதற்கு நொத்தாரிசும், ஒரே நேரத்தில் கூட நிற்கிற இரண்டு சாட்சியும் வேண்டும் என்று. விற்கப்போகிறேன் என்கிற உடன்படிக்கைக்கும் அதுதான் சட்டம். ஜே.பி.யின் முத்திரை எவ்வளவு வட்டமாக இருந்தாலும் காணி அசையாது.

விடிய எழும்பிச் சாச்சாவிடம் சொன்னோம்.

"தெரியும் மனே" என்றார். "இந்தப் பக்கம் பாதிக் காணி பெர்மிட்தான். ஆரும் வந்து எழுப்புறல்ல. நாங்க என்ன களவா விக்கிற? காணி அந்த இடத்திலதானே இரிக்கி."

"அந்த ராத்தாவுக்குத் தெரியுமா?"

"அவ கேக்கல்லயே."

அந்த வீட்டு முற்றத்தில் சாச்சாவைப் பிழைகாரர் என்று முடிவு கட்டிவிட்டு நேரே ராத்தாவிடம் போய்ச் சொன்னோம் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். நடந்தது அப்படியில்லை. நாங்கள் மூன்று நாள் பேசாமல் இருந்தோம். சாச்சா சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறதே என்று ஒருவன் சொன்னான். உண்மையிலேயே நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அப்படி வாங்கிய காணியில்தான் வீடு கட்டி, பிள்ளை பெற்று, பேரப்பிள்ளையும் கண்டிருக்கிறார்கள். சொந்தச் சாச்சாவின் வயிற்றில் அடிப்பதா என்று இன்னொருவன். மூன்றாமவன் ஒன்றும் சொல்லவில்லை, அவனுக்குப் போன் திரை உடைந்து ஒரு மாதம், 8,000 ரூபா என்பது அவனுக்கு ஒரு திரை. எல்லாருடைய கணக்கும் எல்லாருக்கும் தெரிந்தது. யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

நாலாம் நாள் லுஹருக்குப் பிறகு போனோம். ராத்தா எங்களுக்கு ஜூஸ் கரைத்துத் தந்தார். சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "நேத்து இரண்டு இலட்சம் அட்வான்ஸ் குடுத்திட்டனே வாப்பா" என்றார்.

நேற்று.

அன்றைக்கு நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. ஆற்றங்கரையில் இருட்டும் வரை உட்கார்ந்திருந்தோம். இஷா பாங்கு சொன்ன பிறகு சாச்சா தேடி வந்தார். ஏசினார். படிச்ச புள்ளையள் எண்டு கூட்டித் திரிஞ்சதுக்கு என்ட வயித்திலயே மண்ணப் போட்டுட்டீங்க என்றார். இருபது வருசத்தில் தன்னுடைய பெயரை இப்படி ஒருத்தரும் கெடுக்கவில்லை என்றார். ஏசி முடித்து, கொஞ்சம் பொறுத்து, "அவட காச எடுத்துக் குடுக்கணும்" என்று தானாகவே சொன்னார். நாங்கள் எதிர்பார்க்காத வார்த்தை அது.

காணிக்காரன் அதற்குள் காசின் ஒரு பகுதியைத் தோணி எஞ்சினுக்குக் கொடுத்துவிட்டான். நாலு தடவை போய், பள்ளி நிருவாகத்து ஆள் ஒருவரையும் கூட்டிப்போய், 1,25,000 எடுத்தோம். மிச்சம் 75,000. சாச்சா தன்னுடைய கையிலிருந்து 20,000 போட்டார், கடன் வாங்கித்தான். மற்றதை அவன் மாதா மாதம் தருவதாக ஒரு கடதாசியில் கையெழுத்து வைத்திருக்கிறான். முத்திரை ஒட்டித்தான். எங்களுக்குச் சிரிப்பும் வந்தது.

நாங்கள் முந்தின நாள் போயிருந்தால் இது ஒன்றுமே இல்லை. இதை மூன்று பேரும் மூன்று விதமாக நினைத்துக்கொள்கிறோம். புவியியல்காரன் அதைப் பற்றிப் பேச்செடுத்தால் எழும்பிப் போய்விடுவான்.

அதற்குப் பிறகு நாங்கள் படித்த பாடம் மட்டக்களப்பு காணிப் பதிவகத்தில். பார்ப்பதற்குப் பயமான இடம், பழகினால் நல்ல இடம். ஒவ்வொரு காணிக்கும் ஒரு பேரேட்டில் ஒரு பக்கம் இருக்கிறது, அதைத்தான் போலியோ என்கிறார்கள். தேடுவதற்கு விண்ணப்பம் எழுதிக் கட்டணம் கட்டினால் அந்தப் பக்கத்தைப் பார்க்கலாம். யார் யாருக்கு எழுதினார்கள், எப்போது ஈடு வைத்தார்கள், மீட்டார்களா, வழக்கு இருக்கிறதா என்று வரிசையாக வரும். ஒரு உறுதியின் கடைசிப் பக்கத்தில் இருக்கிற சின்ன இலக்கங்களிலிருந்து ஐம்பது வருடம் பின்னால் போய்விடலாம். ஒருதடவை இப்படிப் பின்னால் போனதில், ஒரே காணி இரண்டு பேருக்கு எழுதப்பட்டிருந்தது. முதலில் வாங்கியவர் உறுதியைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டார், பதியவில்லை. இரண்டாவது ஆள் காசு கொடுத்து வாங்கிப் பதிந்துவிட்டார். 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி பதிந்தவர்தான் முந்துவார், அவர் களவாகச் சேர்ந்து செய்தார் என்று காட்டினால் ஒழிய. உறுதியைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பது காணியைப் பத்திரமாக வைத்திருப்பதாகாது என்று எங்கட உம்மாமாருக்கு விளங்கப்படுத்த இரண்டு நாள் எடுத்தது. இப்போது ஒழுங்கையில் உள்ள பெட்டிகள் எல்லாம் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. பின்னேரங்களில் ஒரு உறுதியைக் கொண்டுவந்து, "இத ஒருக்கா வாசிச்சிச் செல்லுங்க" என்பார்கள். மூன்றில் ஒன்றிலாவது பெயரெழுத்து பிழை, அல்லது எல்லை பிழை, அல்லது மௌத்தானவரின் பெயரிலேயே கிடக்கிறது.

செலவையும் விளங்கப்படுத்துகிறோம். முத்திரைத் தீர்வை முதல் இலட்சத்துக்கு நூற்றுக்கு 3, அதற்கு மேல் நூற்றுக்கு 4 என்பதுதான் வழக்கமான கணக்கு. 18 இலட்சத்துக்கு 71,000. இந்தக் காசை மிச்சம் பிடிக்கத்தான் ஆக்கள் ஜே.பி. கடதாசிக்குப் போகிறார்கள், அல்லது உறுதியில் விலையைக் குறைத்து எழுதுகிறார்கள். பெர்மிட் காணியில் அந்த மிச்சம் 18 இலட்சத்தையும் கொண்டுபோய்விடலாம் என்று சொன்னால் சிலர் கேட்கிறார்கள். சிலர், "எல்லாரும் அப்படித்தானே தம்பி" என்கிறார்கள். அவர்களிடம் சண்டை பிடிக்க முடியாது. வேறு காணி காட்ட எங்களிடம் இல்லை. உறுதிக் காணி 90,000 ரூபாவுக்கு இல்லையென்பது எங்கட குற்றமும் இல்லை, அவர்களுடைய குற்றமும் இல்லை.

நாங்கள் லைசன்ஸ் எடுத்த ஏஜெண்ட் ஆகவில்லை. ஆக இங்கே இடமும் இல்லை. மச்சான் கேட்டால், இன்னும் பரீட்சை அறிவிக்கவில்லை என்று பகிடியாகச் சொல்வோம். எங்களில் பொருளியல்காரன் ஒரு ரசீதுக் கொப்பி அடித்து வைத்திருக்கிறான், தரகு வாங்கினால் எழுதிக் கொடுக்க. இதுவரை கிழித்தது இரண்டே இரண்டு. இரண்டிலும் ஒரு பக்கத் தரகுதான். சாச்சா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, இந்தக் கொப்பி முடியுறத்துக்குள்ள நான் மௌத்தாயிருவன் என்றார்.

சாச்சாவோடு ஒரு மாதம் பேச்சில்லை. பிறகு ஒருநாள் கடப்படியில் ஹோர்ன் அடித்துவிட்டு, இறங்காமலே ஒரு கடதாசியை நீட்டினார். "இது உறுதியா பெர்மிட்டா பாருங்க" என்றார், தெரியாத மாதிரி. உறுதிதான். போலியோவும் பார்த்தோம், துப்புரவாக இருந்தது. பதினாறு பேர்ச், பேர்ச் 1,10,000. ராத்தாவின் கணக்குக்குக் கொஞ்சம் கூட. ஆனால் நாலு பேர்ச் குறைவென்பதால் மொத்தம் 17,60,000. அவரிடம் சொன்னோம். வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

"இப்ப வேணாம் ராத்தா" என்றான் புவியியல்காரன். "மார்கழியில பாப்பம்."

போன கிழமை நல்ல மழை. நாலு பேரும் சாரத்தையும் களிசானையும் மடித்துக்கொண்டு போனோம், ராத்தா குடையோடு பின்னால் வந்தார். சாச்சா வரவில்லை, காய்ச்சல் என்றார். ரோட்டிலிருந்து முதல் வளவு வரை முழங்கால் தண்ணி. எங்கட காணியில் வடக்கு மூலையில் மட்டும் கணுக்கால் அளவு நின்றது, மற்றதெல்லாம் தரை. ராத்தா அந்த மூலையில் கொஞ்சநேரம் நின்று பார்த்தார். எத்தனை லோட் மண் போகும் என்று கேட்டார். புவியியல்காரன் எட்டு வைத்து அளக்கத் தொடங்கினான்.

மிச்சம் 55,000 இல் காணிக்காரன் இதுவரை 10,000 தந்திருக்கிறான்.